மாற்றுத்திறன் குழந்தையின் படிப்புக்கு யார் பொறுப்பு? மொரப்பூர் வட்டார வள மையம் முதல் சென்னை வரை... பெற்றோர் தெரிஞ்சுக்க வேண்டியது!

இப்படி ஒரு சூழ்நிலையை நினைச்சுப் பாருங்க. ஜூன் மாதம், பள்ளி திறந்த முதல் வாரம். தருமபுரி மாவட்டம் மொரப்பூர் பக்கத்தில் ஒரு கிராமம். ஏழு வயசுப் பெண் குழந்தை, பிறவியிலேயே மூளை முடக்குவாதம். தனியாக நடக்க முடியாது, பேச்சும் தெளிவில்லை. ஆனால் சொன்னது எல்லாம் புரியும். அம்மா இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போகிறார். "இங்க பார்த்துக்க ஆள் இல்லைம்மா, சிறப்புப் பள்ளியில கேட்டுப் பாருங்க" என்று பதில் வருகிறது.

அந்த அம்மா திரும்பி வீட்டுக்குப் போய்விட்டால், கதை பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். அந்தக் குழந்தை வீட்டுத் திண்ணையிலேயே வளரும்.

ஆனால் சட்டப்படி அந்தப் பதிலே தப்பு. அவரை அடுத்து எங்கே அனுப்ப வேண்டும், யார் வந்து குழந்தையைப் பார்க்க வேண்டும், யார் செலவு செய்ய வேண்டும் என்பதற்கெல்லாம் ஏற்பாடு இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், அந்த ஏற்பாடு ஒரே ஆள் கையில் இல்லை. நாலு துறைகளில், அஞ்சாறு நாற்காலிகளில் பிரிந்து கிடக்கிறது. எந்த நாற்காலியில் எந்த வேலை என்று பார்க்கலாம்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1995-ல் வந்த பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்தது இது. கண், காது, கை கால் என்று மட்டும் பார்க்காமல் 21 வகைக் குறைபாடுகளை இந்தச் சட்டம் கணக்கில் எடுக்கிறது. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, தசைச் சிதைவு, ஹீமோபிலியா, தலசீமியா எல்லாம் இதில் வரும்.

அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த எந்தப் பள்ளியும் குறைபாட்டைக் காரணம் காட்டிக் குழந்தையைச் சேர்க்க மறுக்கக் கூடாது என்கிறது 16-வது பிரிவு. கட்டடம், கழிப்பறை, போக்குவரத்து எல்லாம் அந்தக் குழந்தைக்கும் பயன்படுகிற மாதிரி இருக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான்.

31-வது பிரிவு இன்னும் முக்கியம். 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள குழந்தைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. கல்வி உரிமைச் சட்டம் மற்ற பிள்ளைகளுக்கு 14 வயதோடு நிறுத்திக்கொள்கிறது, இவர்களுக்கு 18 வரை போகிறது. அக்கம்பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பதைத் தேர்வு செய்யும் உரிமையும் இருக்கிறது. கவனிங்க, அந்தத் தேர்வு குழந்தையின் பக்கம் இருப்பது, தலைமை ஆசிரியரின் பக்கம் இல்லை. "சிறப்புப் பள்ளிக்குப் போங்க" என்று யோசனை சொல்லலாம், அதைக் காரணமாக வைத்துத் திருப்பி அனுப்ப முடியாது.

சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். மறுபடியும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரை.

மொரப்பூரில் யாரைப் பார்ப்பது?

மொரப்பூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ரயில் நிலையம்தான் ஞாபகம் வரும். சேலம்–ஜோலார்பேட்டை பாதையில் இருக்கும் ஊர். தருமபுரியோடு இணைக்கும் 36 கி.மீ. ரயில் பாதைக்காகப் பல வருஷமாகக் காத்திருக்கும் ஊரும்கூட. பள்ளிக்கல்வித் துறையின் கணக்கில் இது ஒரு வட்டாரம், அதாவது ஊராட்சி ஒன்றியம். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு வட்டார வள மையம் உண்டு. ஆசிரியர்கள் 'பிஆர்சி' என்று சொல்வது இதைத்தான்.

பெற்றோர் முதலில் தேடிப் போக வேண்டிய இடம் இதுதான். அங்கே இருப்பவர்களில் நமக்கு வேண்டியவர்கள் மூன்று பேர்.

முதல் ஆள், சிறப்பாசிரியர். சிறப்புப் பயிற்றுநர் என்றும் சொல்வார்கள். இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரித்த சிறப்புக் கல்விப் படிப்பு படித்தவர். பார்வைக் குறைபாடு, செவித்திறன் குறைபாடு, அறிவுசார் குறைபாடு என்று ஒவ்வொருவருக்கும் ஒரு துறை இருக்கும். பலரும் நினைக்கிற மாதிரி இவர் ஒரே பள்ளியில் உட்கார்ந்து பாடம் நடத்துபவர் இல்லை. வட்டாரத்துக்குள் பல பள்ளிகளுக்குச் சுற்றிச் சுற்றிப் போகிறவர். இன்றைக்கு ஒரு பள்ளி, நாளைக்கு வேறொரு பள்ளி, நடுவில் ஒரு நாள் வீட்டிலேயே இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போவார்.

அடுத்தவர், இயன்முறை மருத்துவர். பிசியோதெரபிஸ்ட் என்றால் எல்லாருக்கும் புரியும். மூளை முடக்குவாதம், தசை இறுக்கம் உள்ள பிள்ளைகளுக்கு வட்டார வள மையத்தில் குறிப்பிட்ட நாட்களில் பயிற்சி கொடுப்பார்.

மூன்றாவது, மையத்தின் மேற்பார்வையாளர். கணக்கு, முகாம், பட்டியல் எல்லாம் இவர் மேசைக்குத்தான் வரும். செய்திக் குறிப்புகளில் இந்தப் பதவிக்குப் பக்கத்தில் '(பொ)' என்று அடிக்கடி பார்க்கலாம். 'பொறுப்பு' என்பதன் சுருக்கம் அது. நிரந்தரமாக ஆள் போடாமல், வேறு வேலையில் இருப்பவர் இதையும் சேர்த்துக் கவனிக்கிறார் என்று அர்த்தம்.

இந்த மூவரில் குழந்தையின் பெயர் தெரிந்தவர் பெரும்பாலும் அந்தச் சிறப்பாசிரியர் மட்டும்தான். மற்றவர்களுக்கு அது பட்டியலில் ஒரு வரிசை எண். அதனால் சேர்க்கையன்றே "எங்க வட்டாரத்துச் சிறப்பாசிரியர் யார், எந்த நாள் இந்தப் பள்ளிக்கு வருவாங்க?" என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. இந்த ஒரு கேள்வியில் பாதி வேலை முடியும்.

மாவட்டத்தில் தலைமை யார்?

அமெரிக்காவில் ஒவ்வொரு பெரிய பள்ளி மாவட்டத்துக்கும் 'சிறப்புக் கல்வி இயக்குநர்' என்று ஒருவர் இருப்பார். பணம், ஆசிரியர், பெற்றோர் புகார் எல்லாம் அவர் தலையில். இங்கே அப்படி ஒற்றை ஆள் கிடையாது.

தருமபுரியில் பள்ளிக்கல்வித் துறையின் மேல் நாற்காலி முதன்மைக் கல்வி அலுவலருடையது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டமும் (பழைய 'அனைவருக்கும் கல்வி இயக்கம்' என்றால் கிராமத்தில் சட்டென்று புரியும்) மாவட்டத்தில் இவர் அலுவலகம் வழியாகத்தான் நடக்கிறது. அவருக்குக் கீழே அந்தத் திட்டத்துக்கென உதவித் திட்ட அலுவலர். அவருக்கும் கீழே 'உள்ளடக்கிய கல்வி' மாவட்ட ஒருங்கிணைப்பாளர். சில போர்டுகளில் 'உள்ளடங்கிய கல்வி' என்று இருக்கும், ரெண்டும் ஒன்றுதான். மாற்றுத்திறன் குழந்தை மற்ற குழந்தைகளோடு ஒரே வகுப்பில் படிப்பது என்பதைத்தான் இந்தச் சொல் குறிக்கிறது.

அமெரிக்க இயக்குநர் செய்யும் வேலைக்குப் பக்கத்தில் வருபவர் இந்த ஒருங்கிணைப்பாளர். ஆனால் அதிகாரத்தில் பக்கத்தில் இல்லை. சிறப்பாசிரியரை நியமிக்கவோ, பள்ளித் தலைமை ஆசிரியருக்கு உத்தரவு போடவோ அவரால் நேரடியாக முடியாது. கோப்பு முதன்மைக் கல்வி அலுவலருக்குப் போக வேண்டும், அங்கிருந்து சென்னை நுங்கம்பாக்கம் பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகத்துக்கு, அதாவது நாம் டிபிஐ என்று சொல்லும் இடத்துக்கு. அங்கே மாநிலத் திட்ட இயக்குநர் என்ற ஐஏஎஸ் அதிகாரிதான் இந்தத் திட்டத்தின் தலைமை.

இது பள்ளிக்கல்வித் துறைக்குள் மட்டும். அந்தக் குழந்தையின் சான்றிதழ், அடையாள அட்டை, உதவித்தொகை எல்லாம் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையிடம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் வேறு, முதன்மைக் கல்வி அலுவலர் வேறு. சிறப்புப் பள்ளிகளும் இந்த நலத்துறையின் கீழ்தான் வருகின்றன. குறைபாடு எத்தனை சதவீதம் என்று எழுதிக் கொடுக்கும் டாக்டர் சுகாதாரத் துறை. பள்ளிக்கு வருவதற்கு முன்பு குழந்தை இருந்த அங்கன்வாடி, சமூக நலத்துறை.

இந்த நாலு துறைக்கும் தெரிந்த ஒரே கோப்பு, அந்த அம்மா கையில் இருக்கும் பிளாஸ்டிக் கவர். கிண்டலுக்குச் சொல்லவில்லை. ஒரு துறை கொடுத்த காகிதத்தை அடுத்த துறைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பெரும்பாலும் பெற்றோர்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைவான மாவட்டம் தருமபுரி, 68.54 சதவீதம். படிவம் நிரப்ப இன்னொருவர் உதவி தேவைப்படும் வீடுகள் இங்கே அதிகம் என்பதை யோசித்தால், இந்தச் சுமை எவ்வளவு பெரிது என்று புரியும்.

ஒரு சிறப்பாசிரியருக்கு எத்தனை பிள்ளைகள்?

இது உச்ச நீதிமன்றம் வரை போன கேள்வி. ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021 அக்டோபர் 28-ம் தேதி தீர்ப்பு வந்தது. சிறப்பாசிரியர் விகிதத்தை மத்திய அரசு வகுக்க வேண்டும் என்று அதில் உத்தரவு. அதன் தொடர்ச்சியாகத் தொடக்க வகுப்புகளில் 10 மாற்றுத்திறன் மாணவர்களுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று மத்திய அரசு விகிதம் வகுத்தது. அதன்பிறகும் பல மாநிலங்கள் பணியிடங்களைக்கூட முடிவு செய்யவில்லை. 2025 மார்ச் 7-ம் தேதி அதே வழக்கில் நீதிமன்றம் மறுபடியும் கண்டித்து, ஒவ்வொரு மாநிலமும் எத்தனை பணியிடம் என்று அறிவிக்கவும், நிரப்புவதற்கு விளம்பரம் கொடுக்கவும் உத்தரவிட்டது.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். ஏதோ ஒரு வட்டாரத்தில் 150 சிறப்புத் தேவை மாணவர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம் (உதாரணத்துக்குத்தான், மொரப்பூரின் எண்ணிக்கை அல்ல). 75 பேர் தொடக்க வகுப்பு, 75 பேர் மேல் வகுப்பு. முதல் பாதிக்கு 8 பேர், அடுத்த பாதிக்கு 5 பேர் என்று 13 சிறப்பாசிரியர்கள் தேவை. அது மட்டுமில்லை, இந்த 150 பேரும் ஒரே பள்ளியில் இருக்க மாட்டார்கள். ஒரு பள்ளியில் ஒருவர், இன்னொன்றில் மூவர் என்று சிதறி இருப்பார்கள். ஏட்டில் விகிதம் சரியாக இருந்தால்கூட, ஆசிரியரின் நேரத்தில் பாதி பஸ்ஸிலும் டூவீலரிலும் போய்விடும்.

அப்போ மற்ற நாட்களில் அந்தக் குழந்தைக்கு யார்? வகுப்பாசிரியர்தான். பல தொடக்கப் பள்ளிகளில் அவர் ஒரே நேரத்தில் ரெண்டு மூணு வகுப்பை வைத்துக்கொண்டிருப்பார். சிறப்பாசிரியர் வரும் நாளில் அவரும் கூட உட்கார்ந்து, அடுத்த வாரம் வரை என்ன செய்யலாம் என்று கேட்டுக்கொண்டால் குழந்தை முன்னேறும். "அது சிறப்பு டீச்சர் பார்த்துக்குவாங்க" என்று விட்டால் மற்ற நாட்கள் வீண்.

இந்தத் திட்டத்தில் வேலை பார்க்கும் சிறப்பாசிரியர்கள் தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள். பணி நிரந்தரம் அவர்களின் நீண்ட நாள் கோரிக்கை. முழுச் சங்கிலியிலும் குழந்தையைத் தொட்டு வேலை செய்பவருக்குத்தான் வேலை உத்தரவாதம் குறைவு என்பது நெருடலான விஷயம். நல்ல வேலை கிடைத்து ஒருவர் போய்விட்டால், அந்தக் குழந்தைகளைப் பற்றி அவர் தெரிந்து வைத்திருந்ததும் கூடவே போய்விடும். எது சொன்னால் சிரிப்பாள், எந்தச் சத்தம் கேட்டால் பயப்படுவாள் என்பதெல்லாம் எமிஸ் பதிவில் ஏறாது.

'மந்தம்' என்று ஒதுக்கப்படும் பிள்ளை

கை கால் குறைபாடு கண்ணுக்குத் தெரியும். 2013-ல் வந்த 'ஹரிதாஸ்' படத்துக்குப் பிறகு ஆட்டிசம் என்ற வார்த்தையும் ஓரளவு பரிச்சயம். யாருக்கும் தெரியாமல் பின் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைதான். நன்றாகப் பேசும், கடைக்குப் போய்ச் சில்லறை சரியாக வாங்கி வரும், ஆனால் எழுத்துக் கூட்டி வாசிக்க வராது. 'ப'வும் 'ய'வும் குழம்பும், எழுதினால் எழுத்து விட்டுப் போகும். வீட்டில் "சோம்பேறி", பள்ளியில் "மந்தம்".

பள்ளியிலேயே இப்படிப் பிள்ளைகளைக் கண்டுபிடிக்க 'நலம் நாடி' என்ற செயலியைப் பள்ளிக்கல்வித் துறை கொடுத்திருக்கிறது. வகுப்பாசிரியர் மாணவரைக் கவனித்து, செயலியில் வரும் கேள்விகளுக்குப் பதில் போட வேண்டும். சந்தேகம் இருந்தால் சிறப்பாசிரியர் வந்து பார்ப்பார், பிறகு டாக்டர். இதில் ஒரு விஷயம் ஞாபகம் இருக்கட்டும். செயலி சொல்வது சந்தேகம் மட்டும்தான், அது நோய்க் கணிப்பு கிடையாது.

கற்றல் குறைபாட்டுக்கான சான்றிதழில் ஒரு வயதுக் கணக்கும் உண்டு. மத்திய அரசின் வழிகாட்டுதல்படி 8 வயது ஆன பிறகுதான் சான்றிதழ் கிடைக்கும். 14 வயதில் மறுபடி பரிசோதனை, 18 வயதில் இன்னொரு முறை. மூன்றாம் வகுப்புக்கு முன்னால் "சான்றிதழ் கொடுங்க" என்று அலைவதில் பயனில்லை. ஆனால் உதவி கிடைக்கச் சான்றிதழ் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒன்றாம் வகுப்பிலேயே சிறப்பாசிரியரிடம் காட்டலாம்.

14 வயது என்பது சரியாக ஒன்பதாம் வகுப்புப் பக்கம் வருகிறது. அடுத்த வருஷம் பொதுத்தேர்வு. மறுபரிசோதனையை அந்த வயதில் விட்டுவிட்டால், தேர்வுச் சலுகை கேட்கும் நேரத்தில் கையில் செல்லுபடியாகும் காகிதம் இருக்காது.

முகாம் நாளும், அதற்குப் பிறகும்

ஒவ்வொரு வட்டாரத்திலும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுத்திறன் மாணவர்களுக்கு மருத்துவ மதிப்பீட்டு முகாம் நடக்கும். எலும்பு, கண், காது, மனநலம் என்று டாக்டர்கள் ஒரே இடத்துக்கு வருவார்கள். பல துறைகள் ஒரே கூரைக்குக் கீழே வரும் அபூர்வமான நாள் இது, தவறவிடக் கூடாது.

சக்கர நாற்காலி, காலிப்பர், காது கருவி, மூன்று சக்கர வண்டி போன்றவற்றுக்கு அளவெடுப்பதும் இப்படிப்பட்ட முகாம்களில்தான். கான்பூரில் இருக்கும் அலிம்கோ என்ற மத்திய அரசு நிறுவனம் இவற்றைத் தயாரித்துக் கொடுக்கிறது. செலவில் 60 சதவீதம் மத்திய அரசின் உபகரண உதவித் திட்டம், 40 சதவீதம் பள்ளிக்கல்வித் திட்டம்.

அளவெடுக்கும் நாளுக்கும் பொருள் கைக்கு வரும் நாளுக்கும் நடுவில் மாதக்கணக்கு ஆகலாம். குழந்தைகள் அதற்குள் வளர்ந்துவிடுவார்கள். காலிப்பர் இறுக்கினால் காலில் புண் வரும், பிறகு பரண் மேல் ஏறிவிடும். காது கருவியிலும் அதே கதை. காதுக்குள் வைக்கும் அச்சு, காது வளர வளர மாற்ற வேண்டியது. தளர்ந்த அச்சு 'உய்ய்' என்று சத்தம் போடும், குழந்தை கழற்றி வீசிவிடும். பொருள் வாங்கிய நாளில் போட்டோ எடுப்பதோடு வேலை முடிந்துவிடாது, ஆறு மாதம் கழித்து யாராவது போய்ப் பார்க்க வேண்டும். பெற்றோரும் "சரியா உட்காரலை" என்று வட்டார வள மையத்தில் தயங்காமல் சொல்லலாம்.

பள்ளிக்கே வர முடியாத அளவு பாதிப்பு இருந்தால் வீட்டுவழிக் கல்வி உண்டு. 2012-ல் கல்வி உரிமைச் சட்டத்தில் திருத்தம் வந்தபோது இந்த வாய்ப்பு சேர்க்கப்பட்டது. குழந்தையின் பெயர் பக்கத்துப் பள்ளிப் பதிவேட்டில் இருக்கும், சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கு வருவார்கள். ஆனால் அது பெற்றோரின் விருப்பம், கடைசி வழி. பள்ளியில் சாய்வுதளம் இல்லை, கழிப்பறை வசதி இல்லை என்பதற்காக ஒரு குழந்தையை வீட்டுவழிப் பட்டியலில் போடுவது சட்டத்தின் நோக்கம் இல்லை. ஆரம்பத்தில் சொன்ன ஏழு வயசுக் குழந்தைக்கு இந்த வித்தியாசம் ரொம்பப் பெரியது. ஒரு சாய்வுதளமும், கூட வர ஒருவரும் இருந்தால் அவள் வகுப்பில் இருப்பாள்.

பணம் எங்கிருந்து வருகிறது?

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் 2018-ல் தொடங்கியது. மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்ற கணக்கு. சிறப்புத் தேவை உள்ள ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரை ஒதுக்கலாம். மருத்துவ முகாம், உபகரணம், துணைக்கு வருபவருக்கான படி, போக்குவரத்துப் படி எல்லாம் இதற்குள்தான். சிறப்பாசிரியர் சம்பளம் தனிக் கணக்கு. 365 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு 10 ரூபாய்கூட இல்லை. பிசியோதெரபிக்கு அம்மா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கி வருகிறார் என்றால், அந்த இழப்பு இந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை.

மாற்றுத்திறன் பெண் குழந்தைகளுக்கு மட்டும் மாதம் 200 ரூபாய் வீதம் 10 மாதத்துக்கு 2,000 ரூபாய் ஊக்கத்தொகை. நேரடியாக வங்கிக் கணக்கில் ஏறும். இது பலருக்குத் தெரிவதில்லை. பெண் குழந்தையின் பெயரில் கணக்கு இருக்கிறதா, ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கோங்க.

இந்தத் திட்டத்தின் பணம்தான் டெல்லிக்கும் சென்னைக்கும் நடுவில் சிக்கியது. பிஎம் ஸ்ரீ பள்ளிகள் ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடாத நிலையில், 2024-25-ம் ஆண்டுக்கான சுமார் 2,152 கோடி ரூபாய் வரவில்லை என்று மாநில அரசு சொன்னது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. அந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பது வேறு விவாதம். செய்திகளில் அது 'மும்மொழிக் கொள்கை' விவகாரமாகவே வந்தது. அதே தலைப்பின் கீழ்தான் சிறப்பாசிரியரின் தொகுப்பூதியமும் முகாம் செலவும் வருகின்றன என்பது பெரிதாகப் பேசப்படவில்லை.

பணப் பற்றாக்குறை நமக்கு மட்டும் உள்ளது இல்லை. அமெரிக்காவில் 1975-ல் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான கல்விச் சட்டம் வந்தபோது, கூடுதல் செலவில் 40 சதவீதம் வரை மத்திய அரசு தரும் என்று வாக்குறுதி கொடுத்தார்கள். அரை நூற்றாண்டு ஆகிவிட்டது, ஒரு வருஷம்கூட அந்த அளவை எட்டவில்லை. ஆனால் அங்கே ஒரு விஷயம் நம்மிடம் இல்லாதது. ஒவ்வொரு குழந்தைக்கும் தனிக் கல்வித் திட்டம் எழுத்தில் தயாராகும், பெற்றோரும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பார்கள். எழுதியதைப் பள்ளி செய்யவில்லை என்றால் வழக்கு விசாரணைக்கே போகலாம். இங்கேயும் சிறப்பாசிரியர் தனிநபர் கல்வித் திட்டம் எழுதுகிறார். அதைப் பார்த்திருக்கும் பெற்றோர் எத்தனை பேர்? கேட்டால் காட்டுவார்கள். கேட்டுப் பாருங்க.

ஆறாம் வகுப்பும் ஒன்பதாம் வகுப்பும்

பிள்ளைகள் அதிகம் தொலைந்துபோவது பள்ளி மாறும்போதுதான். தொடக்க, நடுநிலைப் பள்ளிகள் வட்டாரக் கல்வி அலுவலரின் கீழ் வரும். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் மாவட்டக் கல்வி அலுவலரின் கீழ். எட்டாம் வகுப்பு முடிந்து ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளி போகும் பிள்ளைக்குத் தலைமை ஆசிரியர் மட்டும் மாறுவதில்லை, அவருக்கு மேலே இருக்கும் அலுவலரும் மாறுகிறார். வட்டார வள மையம் மாறாமல் இருக்கும். மாற்றுச் சான்றிதழ் வாங்கும்போதே சிறப்பாசிரியருக்கு ஒரு போன் போட்டுப் புதுப் பள்ளியின் பெயரைச் சொல்லிவிடுவது நல்லது.

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பொதுத்தேர்வில் சலுகைகள் உண்டு. சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், குறைபாட்டைப் பொறுத்து மொழிப்பாட விலக்கு, தரைத்தளத்தில் அறை. தானாக எதுவும் வராது. தலைமை ஆசிரியர் வழியாக விண்ணப்பம் போய், அரசுத் தேர்வுகள் இயக்ககம் ஒப்புதல் தர வேண்டும். தேர்வுக்கு முந்தின வாரம் போய் நின்றால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. பத்தாம் வகுப்பு தொடங்கும் ஜூன் மாதமே பேச்சை ஆரம்பிச்சிடுங்க.

திருப்பி அனுப்பினால் எங்கே சொல்வது?

பள்ளியில் முதல் படி, பள்ளி மேலாண்மைக் குழு. பெரும்பான்மை உறுப்பினர்கள் பெற்றோர்தான். துணைத் தலைவர் பதவியில் சிறப்புத் தேவை உள்ள குழந்தையின் பெற்றோருக்கு முன்னுரிமை என்று தமிழ்நாட்டில் விதி இருக்கிறது. கூட்டத்தில் கேட்டு, தீர்மானமாக எழுத வைத்தால் அது ஆவணம்.

அடுத்தது, பள்ளிக்கல்வித் துறையின் 14417 உதவி எண். அதிலும் நடக்கவில்லை என்றால் முதன்மைக் கல்வி அலுவலருக்கு எழுத்தில் மனு, இல்லையென்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டம். மனு கொடுத்தால் ஏற்புச் சீட்டு வாங்காமல் திரும்பாதீங்க. சட்டத்தையே மீறுகிறார்கள் என்றால் சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். நேரில் போகத் தேவையில்லை, தபாலில் அனுப்பலாம்.

யூடிஐடி அட்டை: கையில் என்ன வேண்டும்?

நாடு முழுக்கச் செல்லும் ஒரே அடையாள அட்டை இது. 40 சதவீதத்துக்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 79 வரை மஞ்சள், 80-ம் அதற்கு மேலும் நீலம் என்று அட்டையிலேயே நிறப்பட்டை இருக்கும். இணையத்தில் விண்ணப்பிக்கலாம். முடியாதவர்கள் இ-சேவை மையத்துக்கோ மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கோ போகலாம்.

முகாமுக்குப் போகும்போது குழந்தையின் ஆதார், குடும்ப அட்டை, பாஸ்போர்ட் அளவு போட்டோ நாலைந்து, பழைய மருத்துவச் சீட்டுகள், ஸ்கேன் இருந்தால் அதுவும் எடுத்துட்டுப் போங்க. எல்லாவற்றிலும் ஒரு ஜெராக்ஸ் தனியாக வீட்டில் இருக்கட்டும். ஆதாரில் இருக்கும் பெயரும் பள்ளிப் பதிவேட்டில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று முந்தின நாளே பார்த்துடுங்க. இன்ஷியல் மாறியிருந்தால் அன்றைக்கு அதற்காகவே திரும்பி வர வேண்டியிருக்கும்.